நாலு மணிக்கு ஏறி நாலு மணிக்கு இறங்கியவர்

அத்தியாயம் 9

துப்பறியும் நிபுணர் லட்சுமிகாந்தத்துக்கு அன்று காலை முழங்கால் வலி, முதுகு வலி, போதாததற்கு எதிரே உட்கார்ந்திருந்த பட்டாசு முதலாளி சங்கரபாண்டியன் வேறு. மூன்றில் எது அதிகம் வலிக்கிறது என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. நிபுணர் என்பது விசிட்டிங் கார்டில் போட்டிருப்பதுதான். கார்டு சிவகாசியில் அடித்தது. இந்த ஊரில் எந்தப் பொய்யையும் நாலு கலரில் பளபளவென்று அடித்துக் கொடுப்பார்கள்.

"கடைசித் தடவையாச் சொல்லுதேன், எழுதிக்கோங்க," என்றார் சங்கரபாண்டியன், கழுத்துச் சங்கிலியில் கிடந்த புலிநகத்தை உருட்டிக்கொண்டே. "போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், விடியக்காலம் நாலு மணிக்குச் சென்னையில பிளேன் ஏறுனேன். அன்னைக்கே சாயங்காலம் நாலு மணிக்கு நியூயார்க்ல எறங்குனேன். நடுவுல பன்னண்டு மணி நேரம் ஆகாசம். காலையில ஒம்போதே காலுக்கு நான் போன்ல ஆர்டர் போட்டேங்கான் எங்க போர்மேன் முனியராஜ். மேகத்துக்குள்ள எங்கய்யா டெலிபோன் பூத்து இருக்கு?"

மேசைமேல் டிராவல்ஸ்காரர் அடித்துக் கொடுத்த தாள் கிடந்தது. புறப்பாடு சென்னை 4.00. சேருமிடம் நியூயார்க் 16.00. இரண்டும் ஒரே தேதி. போலீஸ் ஸ்டேஷனில் இதே தாளைப் பார்த்து, விரல்விட்டு எண்ணிவிட்டு, முதலாளியை மரியாதையாக வழியனுப்பி வைத்திருந்தார்கள். லட்சுமிகாந்தமும் மனதுக்குள் விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டுதான் வந்தது. அவருக்கு அயர்ச்சியாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த மெகருன்னிசா, அவருடைய உதவியாளர், குலாப்ஜாமூன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மகளுக்குப் பிரசவம்னு போனீகளாமே. என்ன பிள்ளை?"

"பொம்பளப் பிள்ளை. மகாலட்சுமி."

"சீசன் நேரம்னு பாக்காமப் பொறந்திருக்கே, தைரியசாலிதான். ஆமா, நியூயார்க் எம்புட்டு தூரம் அண்ணாச்சி?"

"பதினாலாயிரம் கிலோமீட்டர்மா! சீட்டுக்கு முன்னால சின்ன டிவியில காட்டிக்கிட்டே வருவான்," என்றார் முதலாளி. விமானத்தை அவரே தள்ளிக்கொண்டு போனவர்போல ஒரு பெருமை.

"காபி சாப்பிட்டீகளா?" என்று அவர் கேட்டது, எழுந்து போங்கள் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சு. எழுந்து வந்தார்கள்.

விஷயம் இதுதான். விஸ்வநத்தத்தில் சங்கரபாண்டியனின் பட்டாசு ஆலை. அங்கே மருந்து அடைக்கும் அறை ஒவ்வொன்றிலும் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சுவரில் எழுதிய சட்டம். அந்தச் செவ்வாய்க்கிழமை ஓர் அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு மேல் பொறி பட்டது. ஏழு பேர் வாசலை எட்டிவிட்டார்கள். வெள்ளைத்தாய் என்ற பெண் எட்டவில்லை. அவளை இழுக்க உள்ளே ஓடிய போர்மேன் முனியராஜ் கையும் தொண்டையும் வெந்துபோய்ப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான். தொண்டை கட்டிக்கொள்ளும் முன் அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "ஒம்போதே காலுக்கு மொதலாளி போன்ல சொன்னாக, எட்டுப் பேரா உக்காத்தினேன்." அதன்பிறகு பேச்சே இல்லை. அவனுடைய செல்போன் அந்த அறையோடு உருகிப்போயிற்று. ஆலை போனோ, மழையில் கம்பம் சாய்ந்து அதற்கு ஒரு வாரம் முன்பே ஊமை. திங்கட்கிழமை டாக்டர் அனுப்பி வைத்ததும் அவனை நேரே ஜெயிலுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. இன்றைக்குச் சனிக்கிழமை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் லட்சுமிகாந்தம் இரண்டு கால்களையும் நீட்டி, அவற்றை யாரோ விட்டுச்சென்ற சாமான்கள்போலப் பார்த்தார்.

"முடிஞ்சுது மெகரு. மனுசன் வானத்துல இருந்திருக்கான். நான் பேசாம விருதுநகர் போயி, கீழ் வீட்டு மொளகா வத்தல் மூட்டைக் கிட்டங்கி நெடியில அழுதுக்கிட்டு உக்காருதேன். வாரவுகளும் நம்ம சோகத்துல அழுதோம்னு நெனைச்சுக்கிடுவாக."

"பதினாலாயிரத்தைப் பன்னண்டால வகுங்க."

"எதுக்கு?"

"வகுங்க அண்ணாச்சி. கணக்குப் போட்டா முழங்கால் வலிக்காது."

பஜ்ஜி வந்த காகிதத்தில் வகுத்தார். "ஆயிரத்து நூத்தி அறுபத்தாறு. சொச்சம் வருது."

"பிளேனு மணிக்குத் தொள்ளாயிரம் போனாலே அதிகம். அம்புட்டு வெரசாப் போகணும்னா அவரு ஏறுனது பிளேன் இல்ல. அவுக கம்பெனி ராக்கெட்டு. வால்ல குச்சி இருந்துச்சான்னு கேட்டீகளா?"

லட்சுமிகாந்தம் காலை மடக்கினார்.

மெகருன்னிசா துப்பறிய வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அதற்கு முன் விருதுநகரில் பதினோரு வருஷம் டெலிபோன் பூத் வைத்திருந்தாள். எல்லார் கையிலும் செல்போன் வந்து பூத்தை மூட வைத்தது. ஆனால் அந்தப் பதினோரு வருஷமும், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நியூஜெர்சிக்கும் பேச வந்த பெண்களிடம், "இப்பப் பேசாத, அங்க அவரு தூங்குவாரு" என்று சொல்லிச் சொல்லி, உலகத்தின் கடிகாரங்களெல்லாம் அவள் தலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. லட்சுமிகாந்தத்துக்கோ சாத்தூர் நேரமே சரியாகத் தெரியாது. அவர் வாழ்க்கையில் ஏறிய அதிகபட்ச உயரம் ஆபீஸ் மாடிப்படி.

"அவரு எறங்குன நாலு மணி, அவுக ஊரு நாலு மணி," என்றாள் அவள். "அந்நேரம் இங்கன ராத்திரி ஒன்றரை. புதன்கெழம பொறந்தாச்சு. மேற்காம போறவனுக்குப் பொழுது சீக்கிரம் சாயாது அண்ணாச்சி. கடிகாரத்தைப் பின்னால திருப்பிக்கிட்டே போவாக."

"அப்ப நாலு மணியிலருந்து மறுநா ஒன்றரை வரைக்கும்..."

"இருபத்தொண்ணரை மணி நேரம். பன்னண்டுன்னாரு. மிச்ச ஒம்பதரையை எங்க வச்சிருக்காருன்னு பாப்போம்."

தன் செல்லை எடுத்து, முதலாளியின் தாளில் அடியில் பார்த்து வைத்திருந்த டிராவல்ஸ் நம்பரை அடித்தாள். குரலில் ஒரு பயந்த அக்காள் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, என் தங்கச்சி நியூயார்க்ல இருக்கா. விடியக்காலம் நாலு மணி பிளேனாமே, அது நேரே அங்கதான் போய் நிக்குமா? நடுவுல எறங்கணுமா? எனக்கு இங்கிலீசு வராதுய்யா... ஓ... எம்புட்டு நேரம் உக்காரணும்? தமிழ் ஆளு யாரும் இருப்பாகளா அங்க? சரிய்யா, நல்லா இரு."

செல்லை மூடினாள். "துபாய். இங்கேருந்து நாலு மணி நேரம். எறங்கி மூணரை மணி நேரம் காத்திருக்கணும். பொறவு வேற பிளேன், பதினாலு மணி நேரம். கூட்டுங்க."

"இருபத்தொண்ணரை," என்றார் லட்சுமிகாந்தம். காகிதத்தில் எழுதாமலே வந்துவிட்டது. "நம்ம நேரத்துக்கு எட்டு மணியிலருந்து பதினொண்ணரை வரைக்கும் மனுசன் தரையில!"

"ஆகாசத்துல இல்ல. நாற்காலியில. கால்மேல கால் போட்டுக்கிட்டு."

ஒன்பதே கால் அதற்குள் அழகாக உட்கார்ந்தது. லட்சுமிகாந்தம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த வயதில் சந்தோஷம் வருவதற்கு முன் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. பேசியிருக்க முடியும் என்பது வேறு, பேசினார் என்பது வேறு. உருகிப்போன செல்போனிடம் யார் சாட்சி கேட்பது?

மாரிசெல்வி ஆஸ்பத்திரி வாசலில் தூக்குவாளியோடு நின்றிருந்தாள். முனியராஜின் மனைவி. இவர்களைத் தேடி வந்து கேஸ் கொடுத்தவள். பதினோரு நாளில் அவள் கன்னம் உள்ளே போயிருந்தது. துபாய்க் கதையைச் சொன்னதும் முகம் மலரும் என்று லட்சுமிகாந்தம் எதிர்பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன் அண்ணாச்சி. அன்னைக்கு ஒம்போதே காலுக்கு இவுக கம்பெனியிலேயே இல்லியாம். செல்லக்கனி அக்கா பூத்துல நின்னு யாருகிட்டயோ பேசிக்கிட்டிருந்தாகளாம். மொதலாளி பேசுனதெல்லாம் பொய்யி, அவனாத்தான் எட்டுப் பேரை உக்காத்துனான்னு தெருவெல்லாம் சொல்லுது அந்த அக்கா."

"யாரு செல்லக்கனி?"

"வெள்ளைத்தாயோட கூடப்பொறந்தவ." அவள் குரல் இறங்கிற்று. "எங்க தெருதான். பதினோரு நாளா என் மூஞ்சியப் பாக்கல. தண்ணிக் குழாய்க்கு நான் போனா, எல்லாரும் குடத்தை எடுத்துக்கிட்டு நகந்துருதாக. இவுக ஜெயிலுக்குப் போனாக்கூட வந்துருவாக அண்ணாச்சி. அந்தத் தெருவுல நாங்க எப்படிக் குடியிருக்க?"

மெகருன்னிசா அவள் கையிலிருந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். "வா தாயி. அந்த அக்காவையே பாத்துருவோம்."

விஸ்வநத்தம் டவுன் பஸ்ஸில் லட்சுமிகாந்தத்துக்கு உட்கார இடம் கிடைத்தது. டயருக்கு மேல். சாலைப் பள்ளங்களை அவர் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டார்.

செல்லக்கனியின் பூத் மஞ்சள் பெட்டி, கண்ணாடிக் கதவு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர் எல்லாம் கொண்டது. வியாபாரம் இல்லாததால் பாதிக்கு மேல் சேமியா பாக்கெட்டும் ஷாம்பு சரமும் தொங்கின. அவள் மாரிசெல்வியைப் பார்த்தாள், உடனே பார்க்காதவள் ஆனாள்.

"போலீசா நீங்க?"

"இல்லம்மா. அவுகளவுக்குத் தொப்பை இல்ல," என்றாள் மெகருன்னிசா.

"யாரா இருந்தா என்ன. நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். யாரும் அவனைக் கூப்பிடல. அவனாத்தான் ஓடி வந்தான், அவனாத்தான் நம்பர் அமுக்குனான். ஸ்டேஷன்ல கேட்டாக் குடுக்கணும்னு சீட்டைக்கூட எடுத்து வச்சேன். ஒருத்தரும் கேக்கல."

மேசைமேல் நின்ற கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். மெஷின் அடித்த சீட்டு. அதே செவ்வாய்க்கிழமை. நேரம் 9.14. நாலு நிமிஷம். லட்சுமிகாந்தம் சீட்டை இரண்டு தடவை படித்தார். ஒன்பதே காலுக்கு முதலாளி கூப்பிட்டார் என்று சொன்ன ஆள், ஒன்பதே காலுக்கு வேறு எங்கேயோ கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறான். கெட்டிக்காரத்தனமாகத் துபாய் வரை போய், கட்சிக்காரனுக்கே கயிறு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அவருக்குப் பட்டது. இருபது வருஷத் தொழிலில் இதுமாதிரி மூன்று தடவை நடந்திருக்கிறது. நாலாவதுக்கும் அவர் பழகவில்லை.

மெகருன்னிசா சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் உதடு எண்களைத் தடவிற்று.

"பூஜ்யம் பூஜ்யம், ஒம்போது ஏழு ஒண்ணு... செல்லக்கனி, இது துபாய் நம்பருல்லா?"

"துபாயோ சவுதியோ. வேலை நேரத்துல எவன்கிட்டயோ கதை பேசியிருக்கான். மொதலாளி போனது அமெரிக்காவுக்குல்லா?"

பெட்டிக்குள் பல்லி ஒன்று சத்தம் போட்டது. மெகருன்னிசா மெதுவாகத் திரும்பினாள்.

"மாரிசெல்வி, உங்க மொதலாளி வெளியூர் போனா உன் வீட்டுக்காரர்கிட்ட எப்படிப் பேசுவாரு?"

"அவுக எங்க பேசுதாக? மிஸ்டு கால்தான். மதுரைக்குப் போனாலும் மிஸ்டு கால், பக்கத்து ரூம்ல இருந்தாலும் மிஸ்டு கால். ஒரு ரிங்கு விட்டுக் கட் பண்ணிருவாக. இவுகதான் பதறிப்போயி எங்கேயிருந்தாவது திருப்பிப் பேசணும். ஆலையில எல்லாருக்கும்..."

அவள் மெகருன்னிசா கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். செல்லக்கனியும் நிமிர்ந்தாள். விஸ்வநத்தத்தில் அந்த ஒற்றை ரிங்கைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

"முனியராஜ் செல்லுலேருந்து வெளிநாட்டுக்குப் பேச வழியிருக்காது. அதான் இங்கன ஓடி வந்திருக்கான்," என்றார் லட்சுமிகாந்தம். "மெகரு, இப்ப துபாய்ல மணி என்ன?"

"நமக்கு ஒண்ணே கால். அங்க பதினொண்ணே முக்கால். யாரா இருந்தாலும் முழிச்சிருப்பாக. அடிங்க."

கண்ணாடிப் பெட்டிக்குள் புழுங்கிற்று. ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிட்டு எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். கடல் இரைவதுபோல ஒரு சத்தம். பிறகு மணி. பிறகு ஒரு குரல், சலிப்பாக, இந்தியில் ஏதோ கேட்டது.

"தம்பி, நான் சிவகாசியிலருந்து பேசுதேன்," என்றார் லட்சுமிகாந்தம்.

அந்தப் பக்கம் சலிப்பு பறந்தே போயிற்று. "சிவகாசியா! அண்ணாச்சி, நான் இருக்கன்குடி! மாரிக்கண்ணன். இங்க ஏர்போர்ட்ல கிளீனிங்ல இருக்கேன். யாரு நீங்க?"

"பதினோரு நாளைக்கு முந்தி, செவ்வாய்க்கெழம, உங்க போனை நம்ம பக்கத்து ஆளு யாரும் வாங்கினாகளா?"

"ஆமா, ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, கழுத்துல புலிநகம். பேச்சைக் கேட்டதும் நம்ம பக்கம்னு தெரிஞ்சுபோச்சு. ஊர்ப்பேச்சு காதுல விழுந்து எட்டு மாசமாச்சு அண்ணாச்சி. 'தம்பி, ஒரு மிஸ்டு கால் குடுத்துக்கிடவா'ன்னாரு. முழுசாவே பேசுங்கன்னேன். வேண்டாம் வேண்டாம், அவன் கூப்பிடுவான்னாரு. அதே மாதிரி கொஞ்ச நேரத்துல திருப்பி வந்துச்சு."

மெகருன்னிசா கண்களை மூடிக்கொண்டாள். "அடுத்தவன் போன்லயும் மிஸ்டு கால் குடுத்த மகராசன்," என்று முணுமுணுத்தாள். "நேரா அந்தப் போன்லயே பேசியிருந்தா இங்க ஒரு சீட்டும் இருந்திருக்காது."

"என்ன பேசுனாரு தம்பி?"

"என்னமோ அறையில எட்டுப் பேரை உக்காத்து, லோடு வெள்ளிக்கெழமைக்குள்ள கெளம்பணும்னு சத்தம் போட்டாரு. நான் துடைச்சுக்கிட்டே பக்கத்துல நின்னேன். ஏன் அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

லட்சுமிகாந்தம் சொன்னார். நாலே வரியில் சொன்னார்.

"நான் எழுதிக் குடுக்கேன்," என்றான் மாரிக்கண்ணன். "எங்க வேணாலும். யாருகிட்ட வேணாலும் சொல்லுதேன். என் போனைல்லா குடுத்தேன்."

மாரிசெல்வி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒருவர் நிற்கவே இடமில்லாத பெட்டி. லட்சுமிகாந்தம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"அண்ணே," என்றாள் அவள், போனைப் பார்த்து. "நான் போர்மேன் சம்சாரம். எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு? சரின்னு உடனே சொல்லிட்டாரா?"

லட்சுமிகாந்தத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் கேஸ் கொடுத்தது ஜெயிலுக்காக மட்டும் இல்லை. பதினோரு நாளாகப் பேசமுடியாத ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது.

"அவரு பேசுனது எனக்குக் கேக்கலம்மா," என்றான் மாரிக்கண்ணன். "இவரு கத்துனதுதான் கேட்டுச்சு. 'எத்தன தடவைலே வேண்டாம் வேண்டாம்பே? சொன்னதைச் செய்யி'ன்னாரு. பொறவும் அந்தப் பக்கம் என்னமோ சொல்லியிருக்காரு. 'பொம்பளையாளுக உசுரைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தாரியோ? முடியாதுன்னா சாவியை வச்சுட்டு வீட்டுக்குப் போ'ன்னு போனைக் கட் பண்ணிட்டாரு. ஊர்க்காரரு இப்படிப் பேசுதாரேன்னு எனக்கு மனசு கேக்கல. அதான் மறக்கல."

மாரிசெல்வி அழவில்லை. ரிசீவரைக் கையில் எடுத்தாள். ஸ்பீக்கர் நின்று, குரல் ரிசீவருக்குள் சுருங்கிற்று. "அண்ணே, இதே மாதிரி இன்னொருக்கச் சொல்லுங்க. இன்னொருத்தருக்கு," என்றாள். அதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீட்டினாள்.

செல்லக்கனி உடனே வாங்கவில்லை. ஷாம்பு சரத்தைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பிறகு வாங்கிக் காதில் வைத்தாள். சொல்பவன் சொன்னான். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை.

கேட்டு முடித்து ரிசீவரை வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், அது முகமே இல்லை மேசை என்பதுபோல. மாரிக்கண்ணனிடம் எழுதி வாங்க வேண்டியது, கையெழுத்து வாங்க வேண்டியது, திங்கட்கிழமைக்குள் யாரைப் போய்ப் பார்ப்பது என்று லட்சுமிகாந்தத்தின் தலைக்குள் வரிசை கட்டிய வேலைகளெல்லாம் அந்த நிமிஷத்துக்கு வாயை மூடிக்கொண்டு நின்றன.

செல்லக்கனி பதினோரு நாள் கழித்து மாரிசெல்வியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கஞ்சி எறங்குதா அவனுக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு ஸ்பூனுக்கு மேல எறங்கல அக்கா."

"இரு. நானும் வாரேன்," என்று சொல்லிவிட்டு, செல்லக்கனி பூத்தின் ஷட்டரை இழுத்துச் சாத்தினாள்.